பஸ் கேட்ட ஊருக்கு நடைபாதை

1

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு கூட்டம் நடந்தது. தெருமுனையில் இருக்கும் பஸ் நிறுத்தத்தை அடுத்த சாலைக்கு மாற்றப்போவதாக நகராட்சி அறிவித்திருந்தது. ஆட்சேபணை இருப்பவர்கள் வந்து சொல்லலாம், காபி உண்டு என்றும் போட்டிருந்தார்கள். நெதர்லாந்தில் எந்தக் கூட்டமும் காபி இல்லாமல் நடக்காது. கூடவே ஆளுக்கு ஒரு பிஸ்கட். இரண்டாவது எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் பார்ப்பார்கள்.

யூட்ரெக்ட் நகருக்கு வெளியே, கால்வாய் ஓரமாக இருக்கும் இந்தக் குடியிருப்புக்கு நாங்கள் வந்து பல வருடங்கள் ஆகின்றன. பக்கத்து வீட்டுக் கொரி அம்மாள் சக்கரம் வைத்த ஊன்றுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பவர். அவர் எழுந்து, "இந்த நிறுத்தம்வரை என்னால் போகமுடிகிறது. அடுத்த சாலைவரை முடியாது" என்றார். அவ்வளவுதான். நகராட்சியிலிருந்து வந்த இளைஞன் அதைக் கணினியில் தட்டிக்கொண்டான். இந்த வாரம் அறிவிப்பு வந்துவிட்டது. நிறுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

தெருவில் யாருக்கும் இது பெரிய செய்தியாகத் தெரியவில்லை. நான்தான் அடுப்பில் வைத்த சாம்பாரை மறந்து உட்கார்ந்துவிட்டேன். ஏறக்குறைய இதே வாக்கியத்தை என் தங்கையும் ஒரு கூட்டத்தில் சொன்னாள். அதை அங்கே ஆங்கிலத்தில் சொன்னது நான்தான். அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது.

2

எங்கள் ஊர் ஒரகடம் பக்கத்தில், வல்லம் வடகால் கிராமத்தை ஒட்டியது. நாங்கள் நெல் போட்ட நிலத்தில் இன்று தகரக் கூரை போட்ட தொழிற்சாலைகள் நிற்கின்றன. அதைப் பற்றிப் புலம்ப நான் உட்காரவில்லை. நிலம் போனது, வேலை வந்தது. என் தங்கை மஞ்சுளாவுக்குக் காருக்கான வயர்களைக் கற்றையாகக் கட்டும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அவள் கணவர் சேகர் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மகள் யாழினி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

சிக்கல் வேலையில் இல்லை, வேலைக்குப் போய்ச் சேருவதில் இருந்தது. முன்பு ஏரிக்கரை வழியாகக் குறுக்கே போய்விடலாம். அந்த வழியை ஒரு மதில் மறித்துவிட்டது. இப்போது பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும் சாலை. கம்பெனி பஸ் நிரந்தர ஆட்களுக்கு மட்டும். வாலாஜாபாத்திலிருந்து ஊருக்குள் வந்துபோய்க்கொண்டிருந்த டவுன் பஸ் ஒரு நாள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

நான் இங்கே மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரியிலும் குடியேற்ற அலுவலகத்திலும் தமிழ் பேசுகிறவர்களுக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன். ஒரு பல்கலைக்கழகத்துப் போக்குவரத்து ஆய்வுக்குழு என்னைத் தேடி வந்த காரணம் சுவாரசியமானது. ஒரகடம் பக்கத்துத் தொழிலாளர்கள் எப்படி வேலைக்குப் போய்வருகிறார்கள் என்று அவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். முதலில் எடுத்த ஒலிப்பதிவுகளை வேறொருவர் மொழிபெயர்த்திருந்தார். அதில் ஒரு பெண், "வேலவுட்டு வரச்சொல்ல லாரிக்காரன் இடிக்கிற மாரி வந்தான்" என்கிறாள். மொழிபெயர்ப்பில், வேலையை விட்டுவிட்டு வரும்படி ஒரு லாரி ஓட்டுநர் அவளை மிரட்டியதாக இருந்தது. எங்கள் பக்கத்தில் 'வரச்சொல்ல' என்றால் 'வரும்போது' என்று நான் விளக்கியதும், குழுவின் தலைவி மரைக்கே நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அந்த லாரி ஓட்டுநரைப் பற்றி அவர்கள் ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தார்களாம்.

மரைக்கே நல்ல பெண்மணி. இதை நான் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். கொட்டும் மழையிலும் சைக்கிளில்தான் அலுவலகம் வருவார். மறு ஜனவரியில் பொங்கலுக்கு முன்பாக அவரோடு நானும் ஊருக்குப் போனேன். என் ஊரும் ஆய்வில் சேர்ந்ததில் எனக்கு உள்ளூரப் பெருமை. இத்தனை நாள் யார் யாருக்காகவோ பேசினேன், இப்போது எங்களவர்களுக்காகப் பேசப்போகிறேன் என்று நினைத்தேன்.

3

பஞ்சாயத்து அலுவலகத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். காலை ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள், கம்பெனிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்கள். மஞ்சுளாவும் இருந்தாள். மரைக்கே கேட்டார், நான் தமிழில் சொன்னேன்: "வேலைக்கு எப்படிப் போறீங்க? கஷ்டமா இருக்குதா?"

"நடந்துதான் மேடம்" என்றாள் மஞ்சுளா. "முன்ன கஷ்டமா இருந்துச்சி. இப்ப பழகிடுச்சி."

மற்றவர்களும் சிரித்துக்கொண்டே அதையேதான் சொன்னார்கள். பழகிடுச்சி மேடம். பழகிடுச்சி. நான் ஆங்கிலத்தில் சரியாகவே சொன்னேன். இன்று யாரைக் கேட்டாலும் அந்த மொழிபெயர்ப்பில் பிழை காணமுடியாது.

வீட்டுக்கு நடந்து வரும்போது மஞ்சுளா சொன்னாள்: "அந்த பஸ்ஸ மறுபடி வுட்டா போதும்க்கா. செகண்ட் ஷிப்ட்டு முடிஞ்சி வரச்சொல்ல உசுர கையில புட்ச்சிகினு வர்றோம்."

"இத அங்க சொல்ல வேண்டியதுதானே?"

"எங்கயோ இருந்து நம்மள பாக்க வந்துகீறாங்க. வந்தவங்கிட்ட மொத வார்த்தையே ஒப்பாரி வெக்க சொல்றியா?"

அன்று மாலையே மரைக்கேயிடம் இதைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆனால் ஒலிப்பதிவில் இல்லாததைச் சான்றாகக் காட்டமுடியாது, கள அவதானிப்பு என்று விரிவான அறிக்கையில் சேர்க்கிறேன் என்றார். சேர்த்தும் இருந்தார். பொய் சொல்லவில்லை.

இங்கே வந்த புதிதில் என்னை எல்லோரும் கேட்ட கேள்வி, பழகிவிட்டதா என்பதுதான். மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பர் பழகிவிட்டதா, ரொட்டியும் சீஸும் மட்டுமே உள்ள மதியச் சாப்பாடு பழகிவிட்டதா. ஆமாம் என்பேன். வேறு என்ன சொல்வது? அந்த 'ஆமா'முக்குள் எத்தனை 'இல்லை' இருக்கிறது என்று கேட்கிறவருக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. அந்தப் பெண்களின் வார்த்தை எனக்குப் புரிந்தது அதனால்தான். புரிந்ததை ஒலிப்பதிவில் ஏற்ற எனக்கு வழி தெரியவில்லை.

4

சில மாதம் கழித்து இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்று வந்தது. அமைச்சகங்களும் அதிகாரிகளும் படிப்பது இதைத்தான், பெரிய அறிக்கையை யாரும் திறப்பதில்லை என்று மரைக்கேயே சொன்னார். மேலே ஒரு புகைப்படம். மாலை வெயிலில் எங்கள் ஊர்ப் பெண்கள் வரிசையாக நடந்து வருகிறார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கீழே மூன்று குறிப்புகள். முதலாவது, நடந்து போவது இங்கு ஆழமாக வேரூன்றிய பழக்கம், இதைப் பாதுகாக்கவேண்டும். இரண்டாவது, அதற்கு நடைபாதை போடவேண்டும்.

'பழகிடுச்சி' என்பது 'பழக்கம்' ஆகிவிட்டது. தமிழிலேயே பக்கத்துப் பக்கத்துச் சொற்கள்தான்.

நான் மரைக்கேயின் அறைக்குப் போனேன். "நடப்பது அவர்கள் பழக்கம் இல்லை. பஸ் இல்லாததால் நடக்கிறார்கள்" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "ஆனால் யோசித்துப் பார். இப்போது நடக்கிறவர்கள் எல்லாரும் நாளைக்குப் பைக் வாங்கிவிட்டால் அந்தச் சாலை என்ன ஆகும்? எங்கள் தெருக்களைக் கார்களிடமிருந்து திரும்ப வாங்க நாங்கள் எவ்வளவு போராடினோம் தெரியுமா? உங்களிடம் அது இன்னும் மிச்சமிருக்கிறது."

அவர் மனதாரச் சொன்னார். அவருக்கு நடை என்பது போராடிப் பெற்றது. எங்களுக்கு அது மற்ற எல்லாம் போனபிறகு மிஞ்சியது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று ரயிலில் வரும் வழியெல்லாம் வாக்கியங்களை உருட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக் கதவைத் திறந்தபோதுதான் சரியான வாக்கியம் கிடைத்தது. அதற்குள் சுருக்கம் சென்னைக்குப் போய்விட்டிருந்தது.

5

ஆனாலும் ஒரு வாய்ப்பு வந்தது. மாநில அரசு அதிகாரி ஒருவரோடு இணையவழிக் கூட்டம், மரைக்கேயின் குழுவுக்காக ஆங்கிலத்தில். தொழிலாளர் தரப்பில் ஒருவரும் பேசவேண்டும் என்று மரைக்கேதான் வற்புறுத்தினார். நான் மஞ்சுளாவின் பெயரைச் சொன்னேன். முதல் நாள் போனில் அவளிடம் கெஞ்சாத குறை.

"நாளைக்குப் பழகிடுச்சினு மட்டும் சொல்லிடாத மஞ்சு. பஸ் வேணும்னு நேராச் சொல்லு."

"கோச்சிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க. அதுக்குத்தான் கூப்பிடறாங்க."

சொன்னாள். வாரவிடுப்பு நாளில் சேகரின் போனைச் சுவரில் சாய்த்துவைத்து, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்து, தெளிவாகச் சொன்னாள்: "நடக்கறது ரொம்ப கஷ்டமா கீது சார். ரோட்ல லாரி ஒரசிகினு போவுது. எங்க ஊருக்கு வந்துகினு இருந்த பஸ்ஸ மறுபடியும் வுடுங்க. அது போதும்."

மொழிபெயர்ப்பாளர்கள் பேசுபவராகவே மாறிப் பேசவேண்டும் என்பது தொழில் விதி. 'அவள் சொல்கிறாள்' என்று சொல்லக்கூடாது. எனவே நான் சொன்னேன்: எனக்கு நடப்பது கஷ்டமாக இருக்கிறது. எங்கள் ஊருக்கு பஸ் வேண்டும். என் வாயால் நானே கேட்டேன். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் எனக்கென்று ஒரு வார்த்தை பேச இடமில்லை.

அதிகாரி தலையாட்டினார். நடப்பவர்களின் சிரமத்தை நேரடியாகக் கேட்டது பயனுள்ளதாக இருந்தது, இது ஆய்வின் முடிவை உறுதிப்படுத்துகிறது என்றார். மரைக்கே மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தபின், அதிகாரி திரையை விட்டுப் போகாமல் என்னிடம் தமிழில் கேட்டார்: "மேடம், நீங்க நம்ம பக்கம்தானா?"

"வல்லம் பக்கம் சார். இப்ப பேசினது என் தங்கச்சி."

"அப்படீங்களா? நல்லாப் பேசினாங்க." கொஞ்சம் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. பஸ் எங்க கையில இல்லீங்க. அது வேற துறை. நாங்க ரோடு. இந்த ரிப்போர்ட்ல நாங்க செய்யக்கூடியதுன்னு ஒண்ணு இருக்கு, நடைபாதை. வெளிநாட்டு யுனிவர்சிட்டியே சொல்லியிருக்குன்னு வெச்சா ஃபைல் நகரும். பஸ்ஸுன்னு எழுதினா அது இங்கயே நின்னுடும்."

"அப்போ பஸ்ஸுக்கு யார்கிட்ட போகணும் சார்?"

"அவங்க கேப்பாங்க மேடம், தேவைன்னு எதாவது ஸ்டடி இருக்கான்னு." அவரே சங்கடமாகச் சிரித்தார். "உங்க ஸ்டடியில மக்கள் நடக்கறதத்தான் விரும்பறாங்கன்னு இருக்கு."

அவர் மோசமான மனிதர் இல்லை. தன் மேசைக்கு எது வந்ததோ அதில் தன்னால் முடிந்ததை எடுத்துக்கொண்டார். ஆராய்ச்சி எப்படிக் கொள்கையாகிறது என்று இங்கே பல்கலைக்கழகத்தில் கருத்தரங்குகள் நடத்துகிறார்கள். அம்புக்குறிகள் போட்ட படம் காட்டுகிறார்கள். நான் பார்த்தது இதுதான். ஊரில் ஒருத்தி பேசியது ஒலிப்பதிவாகி, என் ஆங்கிலமாகி, ஒரு தலைப்பின்கீழ் அடங்கி, இரண்டு பக்கமாகி, ஒரு மேசைக்குப் போனது. அந்த மேசைக்கு எது சாத்தியமோ அதுவாக ஊருக்குத் திரும்பி வந்தது. நடுவில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. அதனால் யாரோடு சண்டை போடுவது என்றும் தெரியவில்லை.

கஷ்டமாக இருக்கிறது என்று மஞ்சுளா சொன்னதும் நடைபாதைக்கே வலு சேர்த்துவிட்டது. அவள் போனில் கேட்டாள்: "சரியா சொன்னேனாக்கா? பஸ் வந்துருமா?"

நல்லாப் பேசினே என்று மட்டும் சொன்னேன்.

6

நடைபாதை வந்தது. பெரிய சாலையின் ஒரு பகுதியில் சிவப்பும் சாம்பலுமாகக் கல் பதித்து, நடக்கும் மனிதன் படம் போட்ட பலகை வைத்தார்கள். பல்கலைக்கழகத்தில் ஆப்பிள் கேக் வெட்டினோம். ஓர் ஆய்வு நிஜ உலகத்தை மாற்றுவது எத்தனை அபூர்வம் என்று துறைத்தலைவர் பேசினார். மரைக்கே என்னைக் கட்டிக்கொண்டார். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் திடம் இல்லை.

என் மகள் நிலாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. புவியியல் வகுப்பில், அம்மாவின் ஊருக்குக் கிடைத்த நடைபாதை என்று ஒரு உரை தயாரித்தாள். என் ஊரைப் பற்றி அவள் தானாக ஆர்வம் காட்டியது அதுதான் முதல்முறை. சித்தியிடம் நேராகவே கேட்டுவிடலாம் என்று வீடியோவில் அழைத்தாள். அவள் தமிழ் பாதி டச்சு. எங்கே 'நான்' வரும், எங்கே 'எனக்கு' வரும் என்பதெல்லாம் அவளுக்குக் குலுக்கல் சீட்டுதான்.

"சித்தி, நீ புது பாதைல நடக்க பிடிக்குதா?"

"சோக்கா கீது கண்ணு" என்றாள் மஞ்சுளா. "அது மேல லாரி நிக்காத இருந்தா இன்னும் சோக்கா இருக்கும்."

நிலாவுக்கு முதல் பாதிதான் புரிந்தது. நான் குறுக்கே புகுந்து மீதியைச் சொன்னேன். டிரெய்லர் லாரிகள் அந்தக் கல் பதித்த இடத்தில்தான் வரிசையாக நிற்கின்றன. நடக்கிறவர்கள் லாரியைச் சுற்றிக்கொண்டு முன்பைவிடச் சாலைக்கு உள்ளே இறங்கவேண்டியிருக்கிறது.

"போலீசுக்குச் சொல்ல வேண்டியதுதானே?" என்று டச்சில் கேட்டாள் நிலா. "அம்மா, உனக்கு எதைக் கொடுத்தாலும் குறைதான். நடப்பது உடம்புக்கு நல்லது."

அவள் மரைக்கேயின் குரலில் பேசினாள். இந்த நாட்டுப் பிள்ளை அப்படித்தான் பேசும். உரைக்கு நல்ல மதிப்பெண் வந்தது. சுருக்கத்தில் இருந்த புகைப்படத்தையே அவளும் போட்டிருந்தாள். அதில் மூன்றாவதாக நடப்பது தன் சித்தி என்று வகுப்பில் சொன்னாளாம்.

7

அந்த மழைக்காலத்தில் மஞ்சுளாவை ஒரு பைக் இடித்தது. நடைபாதையில் நின்ற டிரெய்லரைச் சுற்றிச் சாலையில் இறங்கியிருக்கிறாள். பைக்காரனும் ஷிப்ட்டுக்கு ஓடுகிறவன்தான். அவனும் விழுந்தான். இவளுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. சேகர் போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயணச்சீட்டு தேடினேன். தேடிவிட்டு, போய் நான் என்ன செய்யப்போகிறேன் என்று அப்படியே மூடிவிட்டேன்.

மரைக்கேயிடம் சொன்னேன். அவர் அழுதார். அந்தச் சாலையில் நடப்பவர்களின் பாதுகாப்பு பற்றி அடுத்த கட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே உடனே கணினியைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த உதவி அதுதான். எனக்குத் தெரிந்த உதவி என்ன? கேட்டதை வேறு மொழியில் சொல்வது.

வயர்க் கற்றை கட்டுவது விரல்களின் வேலை. கட்டு பிரித்தபின்னும் மஞ்சுளாவின் கைக்குப் பழைய வேகம் வரவில்லை. அவள் நின்ற லைனில் வேறு ஆள் நின்றுவிட்டாள். கான்ட்ராக்டர் ஈவு இரக்கமில்லாதவர் என்று சொல்லமுடியாது. இருங்காட்டுக்கோட்டையில் வேறொரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துக் கொடுத்தார். அங்கே ஊரிலிருந்து தினமும் போய்வர வழியில்லை. நாலைந்து பெண்களாகச் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்குகிறார்கள். ஒன்று வேலையை விடவேண்டும், இல்லை வீட்டை விட்டுத் தங்கவேண்டும். யாழினியைப் பாட்டி பார்த்துக்கொள்வார் என்று சேகர் சொன்னார். மஞ்சுளா பையைக் கட்டிக்கொண்டு போனாள்.

நேற்று மதியம் அந்த ரூமிலிருந்து வீடியோவில் வந்தாள். போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஒரே ஒரு கட்டில், சுவரோரம் சுருட்டி வைத்த பாய்கள், கொடியில் ஐந்து பேரின் கம்பெனிக் கோட்டுகள், ஜன்னல் மேடையில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. தென்காசிப் பக்கத்துப் பெண்கள் இருவர், ஒடிசாவிலிருந்து இருவர். எல்லாரும் தங்கமான பிள்ளைங்க என்றாள்.

"யாழினி எப்படி இருக்கா?"

"ஞாயித்துக்கெழம போனேன்க்கா." கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எப்பவும் ஓடியாந்து கால கட்டிக்கும். இந்தவாட்டி நெலப்படியிலயே நின்னுகினு, எப்பம்மா கெளம்புவனு கேக்குது. வூட்டுக்குள்ள நான் இன்னும் காலே வெக்கல."

"நீ இன்னா சொன்ன?" எத்தனையோ வருடம் கழித்து என் வாயில் 'இன்னா' வந்தது.

"இன்னாத்த சொல்றது. இப்பத்தான வந்தேன்னேன். அது உள்ள போயி டிவி பாக்குது."

வெளியே யாரோ கத்தினார்கள்: "மஞ்சுக்கா, தண்ணி வந்துட்டு! சீக்கிரம் வாங்க!"

"குடத்த வெச்சிட்டு வந்துர்றேன், இருக்கா" என்று போனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினாள். திரையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. குடங்கள் இடித்துக்கொள்ளும் சத்தம், தமிழும் ஒடியாவுமாகச் சிரிப்பு, நடுவே அவள் குரலும் கேட்டது. வெகுநேரம் அவள் வரவில்லை. நான் இணைப்பைத் துண்டிக்காமல் அந்த விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.